அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு மாதிரி, அண்ணன் ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரி. இதில் யாருடைய துக்கம் சரி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பா போய் நான்கு மாதம். அம்மா தினமும் அழுகிறார், அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் இரண்டாவது வாரமே வேலைக்குப் போய்விட்டார். அவர் கண் கலங்கி யாரும் பார்க்கவில்லை. உங்களுக்கு அழுகையும் வரவில்லை, வேலையும் ஓடவில்லை. அம்மா அண்ணனைக் கல்நெஞ்சுக்காரன் என்கிறார். அண்ணன் அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார். நடுவில் அண்ணனின் 6 வயது மகள் "தாத்தா எப்ப வருவார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மூன்று பேருடையதும் துக்கம்தான். உங்கள் வீட்டில் இப்போது பெரிய ஆபத்து ஒருவர் துக்கத்தை இன்னொருவர் தன் அளவுகோலால் அளப்பதுதான். இழப்பு வந்த ஒரு வருடத்துக்குள் குடும்பங்களில் விழுகிற விரிசல்களில் பலவும் சொத்தில் தொடங்குவதாகத் தெரியும். கிளறிப் பார்த்தால் "அவன் அழவே இல்லையே" என்பது அடியில் இருக்கும்.

முதலில் உடம்பு. இது ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. 1942-ல் பாஸ்டன் நகரில் ஒரு இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அதில் தப்பியவர்களையும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும் மற்ற இழப்புகளைச் சந்தித்தவர்களையும் கவனித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் 1944-ல் எழுதிய விவரம் இன்றைக்கும் பொருந்துகிறது: தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும், பெருமூச்சு வரும், வயிறு காலியான மாதிரி இருக்கும், கைகால் ஓய்ந்து போகும். இது 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை அலையாக வந்து போகும். அம்மாவுக்கு வருவதும் இந்த அலைதான். அடுத்த முறை வரும்போது "அழாதே" என்று அடக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் காத்திருங்கள். தானாகத் தணியும்.

உடம்பைப் பற்றி இன்னொன்று. மாரடைப்பு வந்த ஏறக்குறைய 2,000 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட சுமார் 21 மடங்கு கூடியிருந்தது. பிறகு நாளுக்கு நாள் குறைந்தது. சாவு வீட்டில் வயதானவர்கள் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் விட்டுவிடுவது சர்வ சாதாரணம். அதை ஒருவர் பொறுப்பெடுத்துக் கவனிக்க வேண்டும். நான்கு மாதம் கழிந்தும் அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று ஒரு முறை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

அலை எல்லோருக்கும் வரும். அதை வெளியே விடுவதா, உள்ளே வைப்பதா என்பதைக் கற்றுக்கொடுப்பது பண்பாடு. இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம், நார்வே மானுடவியலாளர் உன்னி விகன் 1988-ல் வெளியிட்ட ஒப்பீடு. எகிப்தின் கெய்ரோ, இந்தோனேசியாவின் பாலி, இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது முஸ்லிம் சமூகங்களை. மதம் ஒன்று. கெய்ரோவில் பிள்ளையை இழந்த தாய் அழுது, அரற்றி, வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தாலும் சுற்றியிருப்பவர்கள் அது சரி என்றே நினைக்கிறார்கள். துக்கத்தை உள்ளே அடக்கினால்தான் நோய் வரும் என்பது அவர்கள் கணக்கு. பாலியில் நேர் எதிர். சோகம் உயிர்ச்சக்தியைக் குறைக்கும், பக்கத்திலிருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புவதால், இழந்தவர் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறார். வந்தவர்களும் வேடிக்கையாகப் பேசி அவர் மனதைத் திருப்பப் பார்க்கிறார்கள். கெய்ரோ பெண்ணை பாலியில் கொண்டுபோய் உட்காரவைத்தால் புத்தி பேதலித்தவள் என்பார்கள். பாலி பெண்ணைக் கெய்ரோவில் பார்த்தால் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்பார்கள். உங்கள் அம்மாவும் அண்ணனும் ஒருவரை ஒருவர் சொல்லிக்கொள்வது ஏறக்குறைய இதேதான், ஒரே கூரைக்குக் கீழே.

பண்பாடு தரும் இன்னொரு பெரிய உதவி, நாள் கணக்கு. யூத மரபில் முதல் 7 நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பது, பிறகு 30 நாள், பெற்றோருக்கென்றால் 11 மாதம் பிரார்த்தனை என்று படிப்படியாக இறக்கிவிடுகிறார்கள். இஸ்லாத்தில் மற்ற உறவினருக்கு 3 நாள், கணவனை இழந்த பெண்ணுக்கு 4 மாதம் 10 நாள். எந்த மதமானாலும் இந்தச் சடங்குகள் செய்கிற வேலை ஒன்றுதான்: என்ன செய்வதென்று தெரியாத மனிதனுக்கு இன்று இதைச் செய், நாளை அதைச் செய் என்று கையில் வேலை கொடுப்பது, தனியே விடாமல் ஆட்களை வரவைப்பது, "இனி நீ வெளியே வரலாம்" என்று அனுமதி தருவது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், சடங்கு முடிந்த மறுநாள் ஆட்கள் போய்விடுகிறார்கள், வலி போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வர முடியாமல் போனவர்களுக்கு இன்னும் கஷ்டம். முகத்தைப் பார்க்காததால் மரணமே நடக்காத மாதிரி ஒரு மயக்கம் மாதக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் தாமதமானாலும் ஒரு நாள் குறித்து, நான்கு பேரைக் கூப்பிட்டு, படத்தை வைத்து, பெயரைச் சொல்லி ஏதோ ஒன்றைச் செய்வது நல்லது. ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் பலன் உண்டு.

ஊரார் அங்கீகரிக்காத துக்கமும் உண்டு. கருச்சிதைவு, விவாகரத்தான முன்னாள் துணை, வெளியே சொல்லாத காதல், தற்கொலை, வளர்த்த நாய். துக்க ஆய்வாளர் கென்னத் டோகா இதை 1989-ல் தனியாகப் பெயரிட்டு எழுதினார். இவர்களுக்கு அழுவதற்கு உரிமையே இல்லை என்பதுபோல் ஊர் நடந்துகொள்வதால், வலி அதே அளவு இருந்தும் தோள் கொடுக்க ஆள் இருக்காது.

இனி குடும்பம். உங்கள் அண்ணனைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். உளவியலாளர் டெரி மார்ட்டினும் முன்னே சொன்ன டோகாவும் துக்கப்படும் விதத்தில் இரண்டு முனைகளைக் காட்டினார்கள். ஒருவர் உணர்ச்சி வழியாகத் துக்கத்தைக் கரைப்பார்: அழுவார், பேசுவார், திரும்பத் திரும்பச் சொல்வார். இன்னொருவர் செயல் வழியாக: கல்லறையைக் கட்டுவார், கணக்கை முடிப்பார், நின்றுபோன மோட்டாரை ரிப்பேர் செய்வார். பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில் இருப்பார்கள். ஆண் இப்படி, பெண் அப்படி என்று பிரிக்க முடியாது. வளர்ப்புதான் அந்தப் பக்கம் தள்ளுகிறது. "நீதான் இனி வீட்டுக்குப் பெரியவன்" என்று இறுதிச் சடங்கு நடக்கும் இடத்திலேயே சொல்லப்பட்ட பையனுக்கு அழுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? பேங்க் கணக்கு, பென்ஷன், இறப்புச் சான்றிதழ் என்று அவர் ஓடுவதில் பாதி கடமை, மீதி துக்கம்.

அப்பா இருந்தபோது வீட்டில் அவர் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கரண்ட் பில் கட்டினது யார், கதவைப் பூட்டினதா என்று ராத்திரி பார்த்தது யார், சண்டை வந்தால் சமாதானம் செய்தது யார், அம்மாவுடன் காலையில் உட்கார்ந்து பேசியது யார். ஆள் போனதும் இத்தனை இடமும் ஒரே நாளில் காலியாகிறது. சத்தமே இல்லாமல் ஒருவர் தலையில் எல்லாம் விழுந்துவிட்டால் அவர் எரிச்சல்படுவார். மற்றவர்கள் அதைப் பாசமின்மை என்று புரிந்துகொள்வார்கள். பிரித்து எடுத்துக்கொண்டால் எரிச்சல் பாதியாகும்.

அண்ணன் தப்பிக்கிறார் என்றும் அம்மா மூழ்கிவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-ல் சொன்னது: இழந்தவர் இரண்டு பக்கம் மாறி மாறிப் போய்வருவார். ஒரு பக்கம் இழப்பை நினைத்து உருகுவது, இன்னொரு பக்கம் வாழ்க்கையை ஓட்டப் பழகுவது. காலையில் அழுதவர் மதியம் மார்க்கெட் போய்ச் சிரித்துப் பேசினால் அது ஆரோக்கியத்தின் அடையாளம். ஒரே பக்கம் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வதுதான் கவலைக்குரியது. உங்கள் வீட்டில் அம்மா ஒரு பக்கத்தையும் அண்ணன் மறுபக்கத்தையும் குத்தகைக்கு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்குத் தினமும் அரை மணி நேரம் வெளி வேலை, அண்ணனுக்கு வாரம் ஒரு முறை அப்பாவைப் பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம், இவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு.

உங்கள் விஷயம் தனி. மரத்துப்போவதும் துக்கத்தின் ஒரு வடிவம்தான். அப்பா மேல் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. இது பெரும்பாலும் சொந்த அனுபவத்தின் கைவேலை. முன்னால் பார்த்த சாவுகள், அப்பாவோடு பேசாமல் விட்ட ஏதோ ஒன்று, நீண்ட நாள் படுக்கையில் வைத்துப் பார்த்திருந்தால் சாவுக்கு முன்னாலேயே அழுது தீர்த்தது, எல்லாம் இதில் சேரும். நீண்ட நோய்க்குப் பிறகு வரும் சாவில் "அப்பாடா" என்று ஒரு நிம்மதி வருவதும் அதற்காகக் குற்ற உணர்ச்சி வருவதும் மிகச் சாதாரணம். அந்த நிம்மதியைப் பாசத்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவோடு உறவு கசப்பாக இருந்திருந்தால் துக்கம் எளிதாக இருக்கும் என்று நினைப்பார்கள். பல நேரம் அதுதான் கடினம், ஏனென்றால் சரிசெய்யும் வாய்ப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. அழுகையை வலுக்கட்டாயமாக வரவழைக்க வேண்டாம். பழைய நோட்டில் அவர் கையெழுத்தைப் பார்க்கும்போது, போனில் அவர் குரல் பதிவு தானாக ஓடும்போது வரலாம். வராமலும் போகலாம்.

"ஐந்து நிலை" பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, தாங்களே சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி. இழந்து நிற்பவர்களுக்கான கால அட்டவணையாக அதைப் பிடித்துக்கொண்டு "எனக்கு இன்னும் கோபம் வரலியே" என்று கவலைப்படுகிறவர்கள் ஏராளம். அதை விட்டுவிடுங்கள்.

குழந்தையிடம் "தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். தூக்கம் என்றால் தூங்கவே பயப்படும். ஊர் என்றால் காத்திருக்கும். "தாத்தா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடாது, வலிக்காது, திரும்ப வர முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். செத்தவர் திரும்ப வரமாட்டார், எல்லோரும் ஒருநாள் சாவார்கள், உடம்பு முழுக்க நின்றுவிடும் என்பவை 5 முதல் 7 வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிடிபடும். ஆனால் அதே கேள்வியை இருபது தடவை கேட்பாள். இருபது தடவையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். "நான் திட்டினதாலயா?" என்று கேட்காவிட்டாலும், "இது யாரோட தப்பும் இல்லை" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் எப்போது? அண்ணன் அவசரப்படுகிறார். நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம் கழிய வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் 2022 பதிப்பில் பெரியவர்களுக்கு 12 மாதம். ஏக்கமோ இறந்தவர் நினைப்போ ஏறக்குறைய தினமும் ஆளை விழுங்குவதோடு, நம்ப முடியாமை, தன்னில் பாதி செத்த உணர்வு, வாழ்வதில் அர்த்தமின்மை போன்றவையும் சேர்ந்து அன்றாட வாழ்வே முடங்கியிருக்க வேண்டும். அந்தச் சமூகத்தின், மதத்தின் வழக்கத்தைத் தாண்டியதாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு விதிகளுமே சொல்கின்றன. நான்காம் மாதத்தில் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுவது இதில் சேராது. இயற்கையான மரணங்களுக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு வருகிறது. மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் வகுத்த 16 அமர்வு பேச்சு சிகிச்சை இதற்கென்றே உள்ளது. மன அழுத்த மாத்திரை தனியாகத் துக்கத்தைக் குறைப்பதாக அவருடைய ஆய்வில் தெரியவில்லை.

ஆனால் நாள் எண்ணாமல் உடனே போக வேண்டிய சமயங்கள் இருக்கின்றன. "நானும் போயிடறேன்" என்று வழி யோசித்துப் பேசுவது, சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்துவது, குடி ஏறுவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற தன்வெறுப்பு அலையாக இல்லாமல் நாள் முழுக்க அப்படியே இருப்பது. கடைசியாகச் சொன்னது துக்கத்தைவிட மன அழுத்த நோயைக் காட்டுகிறது. உங்கள் மரத்துப்போன நிலையிலும் இதைக் கவனியுங்கள்.

சட்டை விஷயம். அம்மாவிடம் கேட்காமல் யாரும் எதையும் துவைக்கவோ, கொடுக்கவோ கூடாது. நல்லெண்ணத்தில் அலமாரியைக் காலி செய்துவிட்டு ஆறாத பகையைச் சம்பாதித்தவர்கள் உண்டு. துவைக்காத ஒரு சட்டையைக் காற்றுப்புகாத கவரில் போட்டு வைத்தால் வாசனை கொஞ்ச நாள் கூட நிற்கும். மற்றவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, இப்போது முடிவு செய்ய வேண்டாம் என்பது. மூன்றாவது பெட்டிதான் முக்கியம். அதில் தேதி எழுதி மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறங்கள்.

அண்ணனிடம் "ஏன் அழலை?" என்று கேட்காதீர்கள். பென்ஷன் பேப்பரைப் பரப்பி வைத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஃபாரத்தை நான் நிரப்பட்டுமா அண்ணா?" என்று கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, கை வேலையில் இருக்கும்போது வரும். அப்பாவின் பிறந்த தேதியை எழுதும் இடத்தில் அவர் கொஞ்ச நேரம் நின்றால், பேனாவைப் பிடுங்காமல் சும்மா இருங்கள்.