'810 சான்றிதழ்' இருந்தால் போதுமா? சாதா போர்டைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றலாமா?

கேள்வி: ஆளில்லா விமானத்தில் கேமராப் படங்களைச் செயலாக்க ஒரு இண்டஸ்ட்ரியல் போர்டு வைத்திருக்கிறோம். மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது, லேபில் நிற்காமல் ஓடுகிறது. வாங்கப்போகும் ராணுவத் தரப்பு மில்-ஸ்டாண்டர்டு 810 வேண்டும் என்கிறது. '810 சான்றிதழ் பெற்ற' கம்ப்யூட்டர் என்று ஒரு விற்பனையாளர் பல மடங்கு விலை சொல்கிறார். எங்கள் போர்டையே கெட்டியான அலுமினியப் பெட்டியில் போட்டால் ஆகாதா?

பதில்: முதலில் அந்தச் சான்றிதழ் கதையை முடித்துவிடுவோம். 810-க்குச் சான்றிதழ் கொடுக்க என்று ஓர் அமைப்பே கிடையாது. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிடும் சோதனை முறைகளின் தொகுப்பு, 2019-ல் எச் பதிப்பு வந்தது. 501 என்றால் வெப்பம், 502 குளிர், 500 உயரத்தில் குறையும் காற்றழுத்தம், 514 அதிர்வு, 516 அதிர்ச்சி, இப்படித் தனித்தனி முறைகள். உங்கள் பொருள் எங்கே வேலை செய்யப்போகிறதோ அதற்கு ஏற்ற கடுமையை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்த ஆவணமே சொல்கிறது. அதனால் ஒரே ஒரு முறையை, லேசான அளவில் செய்து பார்த்துவிட்டு '810 பாஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் கேட்க ஆளில்லை. விற்பனையாளரிடம் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்: எந்த முறை, எந்த அளவு, முக்கியமாக, சோதனையின்போது கருவி ஓடிக்கொண்டிருந்ததா அல்லது அணைத்து வைத்திருந்தார்களா? அணைத்து வைத்து அதிரவிட்டால் உடையாமல் வந்தது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது.

சரி, உங்கள் போர்டுக்கு வருவோம். அந்த 85 டிகிரி எந்த இடத்தின் வெப்பம் என்று டேட்டாஷீட்டில் தேடிப் பாருங்கள். சுற்றியுள்ள காற்றா, போர்டின் ஓரமா, சிப்பின் உள்ளேயா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு. பல போர்டுகளுக்கு அது 'இவ்வளவு காற்று ஓட்டம் இருந்தால்' என்ற நிபந்தனையோடு வரும், அந்த நிபந்தனை சிறிய எழுத்தில் கீழே கிடக்கும். மூடிய பெட்டியில் காற்று ஓட்டமே இல்லை.

பாலைவன வெயிலில் மூடிய இடத்துக்குள் 71 டிகிரி வரை போகும் என்று 810 எடுத்துக்கொள்கிறது. உங்கள் பிராசசர் 30 வாட் எரிக்கிறது, சிப்பிலிருந்து பெட்டியின் வெளிப்பக்கக் காற்று வரையிலான வெப்பத்தடை வாட்டுக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்வோம் (இதுவே ஓரளவு நல்ல வடிவமைப்புதான்). 30 டிகிரி ஏறும், சிப் 101-ல் நிற்கும். பல பிராசசர்கள் 100-ஐ ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எதுவும் கெட்டுப்போகாது, எந்த எரர் செய்தியும் வராது, வீடியோ மட்டும் விட்டுவிட்டு வரும், நீங்கள் மென்பொருளைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

ஃபேன் வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குதான், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போக அங்கே காற்று இல்லை. அதனால்தான் இந்தத் துறையில் கண்டக்‌ஷன் கூலிங் என்ற வழிக்குப் போகிறார்கள். சிப்பின் மேல் அலுமினியத் தகடு, தகட்டின் இரண்டு ஓரங்களிலும் வெட்ஜ்லாக் என்ற ஆப்புப் பூட்டு, ஸ்க்ரூவை முறுக்கினால் அது விரிந்து போர்டின் ஓரத்தைப் பெட்டிச் சுவரோடு இறுக்கிவிடும். வெப்பம் உலோகம் வழியாகவே சுவருக்குப் போய்விடுகிறது, அதே பிடி அதிர்வையும் அடக்குகிறது. இத்தகைய போர்டுகள் எந்தச் சூழலைத் தாங்க வேண்டும் என்று சொல்லும் விடா 47 தரத்தில் சிசி4 என்ற வகுப்பில் அந்தப் போர்டு ஓரம் 85 டிகிரியில் இருந்தாலும் வேலை செய்தாக வேண்டும். அந்த 85-ம் உங்கள் டேட்டாஷீட்டின் 85-ம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது அதிர்வு. போர்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெமரி சாக்கெட்டில் செருகியிருக்கிறதா? எஸ்எஸ்டி ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறதா? நெட்வொர்க் கேபிள் வீட்டு ரவுட்டரில் இருப்பது போன்ற ஜாக்கில் போகிறதா? இவையெல்லாம் லேபில் காலத்துக்கும் வேலை செய்யும். இரண்டு இறக்கை புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் நொடிக்கு 200 முறை உங்கள் பெட்டியை உதைக்கிறது. அந்த உதையில் சாக்கெட்டின் தொடுமுனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தேய்ந்து, ஆக்சைடு படிந்து, எப்போதாவது ஒரு பிட் தவறும். பிறகு எடுத்துத் துடைத்துச் செருகினால் சரியாகிவிடும், அதுதான் இதில் எரிச்சலான விஷயம், லேபில் குறை தெரியவே தெரியாது. மெமரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதாக, பிட் பிழையைத் தானே திருத்தும் இசிசி உள்ளதாக இருக்க வேண்டும். (உயரத்தில் காஸ்மிக் கதிர்களால் வரும் நியூட்ரான்கள் தரையைவிடப் பல நூறு மடங்கு, அவையும் பிட்டைப் புரட்டும்.) கனமான காயில், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் எபாக்சி வைத்து ஒட்டிவிட வேண்டும். வெளி இணைப்புகளுக்கு 38999 என்ற ராணுவத் தர வட்டக் கனெக்டர்.

மின்சாரத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். விமான 28 வோல்ட் சப்ளைக்கு மில்-ஸ்டாண்டர்டு 704 பொருந்தும். சாதாரண நிலையிலேயே 22 முதல் 29 வரை ஆடலாம், ஒரு சப்ளையிலிருந்து மற்றதற்கு மாறும்போது 50 மில்லிசெகண்ட் வரை மின்சாரமே இல்லாமல் போகலாம். அந்த ஒரு கண்ணிமைப்பில் உங்கள் லினக்ஸ் ரீபூட் ஆனால் படம் எவ்வளவு நேரம் இல்லாமல் போகும் என்று யோசியுங்கள். 40 வாட் கருவிக்கு 50 மில்லிசெகண்ட் என்றால் 2 ஜூல். 28-லிருந்து 18 வோல்ட் வரை இறங்க அனுமதித்தால் ஏறக்குறைய 8,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தேவை, மைனஸ் 40-லும் அந்த அளவு கொடுக்கிற வகையில். அதற்குப் பெட்டியில் இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா? இதே கருவியை நாளை தரை வாகனத்தில் வைக்கச் சொன்னால் கணக்கு மாறும், அங்கே மில்-ஸ்டாண்டர்டு 1275, 100 வோல்ட் வரை எகிறும் சர்ஜைத் தாங்க வேண்டும்.

மின்காந்த இரைச்சலுக்கு மில்-ஸ்டாண்டர்டு 461. பெட்டியின் மூடி சந்திக்கும் இடத்தில் பெயின்ட் அடிக்காமல் கடத்தும் கேஸ்கெட் போடுங்கள், கேபிள் நுழையும் இடத்திலேயே ஃபில்டர் வையுங்கள். ஈரத்துக்கு கன்ஃபார்மல் கோட்டிங், அதாவது போர்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் படலம்: குளிர்ந்த உயரத்திலிருந்து ஈரக் காற்றுக்குள் இறங்கும்போது போர்டின் மேலேயே தண்ணீர் வியர்க்கும்.

என் கருத்து: மெமரி சாக்கெட்டில் இருந்தால் அந்தப் போர்டை விட்டுவிடுங்கள், எந்தப் பெட்டியும் அதைக் காப்பாற்றாது. சால்டர் செய்த மெமரியோடு, நீண்ட கால விநியோக உறுதியோடு வரும் மாட்யூலை (பிராசசரும் மெமரியும் உள்ள சிறு போர்டு) வாங்கி, அது உட்காரும் கேரியர் போர்டையும் பெட்டியையும் நீங்களே செய்வது சிறிய விமானத்துக்கு நல்ல நடுவழி. 3யு விபிஎக்ஸ் என்ற கார்டு வடிவமெல்லாம் பல கார்டுகள் பேக்பிளேன் என்ற பொதுப் பின்பலகையில் பேசிக்கொள்ளும் அமைப்புக்கானவை. ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு அது வீண் எடை, வாங்கும் தரப்பே ஓப்பன்விபிஎக்ஸ் அல்லது சோசா என்ற பொதுத் தரம் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் ஒழிய.

எதையும் வாங்குவதற்கு முன் அவர்களிடம் நாலு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: அதிகபட்ச உயரம், பெட்டி விமானத்தில் எங்கே உட்காரும், சப்ளை எந்தத் தரம், எத்தனை ஆண்டு பயன்பாடு. அப்புறம் இருக்கிற போர்டையே மூடிய பெட்டியில் வைத்து, 71 டிகிரி சேம்பரில், உண்மையான வீடியோ லோடோடு சில மணி நேரம் ஓட்டி, சிப் வெப்பத்தையும் கிளாக் வேகத்தையும் பதிவு செய்யுங்கள். கிளாக் இறங்குகிறது என்றால் விற்பனையாளரின் பெட்டிக்கும் இதே சோதனையை நடத்திக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.