ரொம்ப தூரத்துல இருந்து வேட்டையாடுறது தப்பா?

மிருகத்துக்கு நம்ம வாடையோ சத்தமோ போகாத தூரத்துல, உதாரணத்துக்கு 500 மீட்டர் தள்ளி நின்னு சுடுறதைத்தான் லாங் ரேஞ்ச் வேட்டைன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு சட்டப்படி வேட்டையே குத்தம், ஏற்காடு மலையில காட்டுமாட்டை போட்டோ எடுக்கறதோட சரி, இது அமெரிக்கா மாதிரி லைசென்ஸ் குடுக்கற நாட்டு சண்டை.

பிரச்சனை என்னன்னா 500 மீட்டர் போக குண்டுக்கு முக்கால் செகண்ட் போல ஆகும், அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வச்சா நெஞ்சுல பட வேண்டியது வயித்துல பட்டு, ஓடிப்போயி எங்கயோ கெடந்து மெதுவா சாகும், நடுவுல காத்து வேற தள்ளும். சேலம் புது பஸ் ஸ்டாண்ட்ல சீட்டு புடிக்க ஜன்னல் வழியா துண்டு போடுவோமே, பக்கத்துல நின்னா கரெக்டா விழும், பஸ் தள்ளி நகர்ந்துட்டு இருந்தா யார் மடியிலயோ விழும் (எனக்கு விழுந்திருக்கு, திட்டும் வாங்கிருக்கேன்). துண்டுன்னா சாரி சொல்லிக்கலாம்.

அதான் 1887ல ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பே, வேட்டைக்காரங்க சங்கம்தான், இதை ஒத்துக்கறதில்ல. அப்படியும் சுடுறவங்கன்னா, அடிபட்டதைத் தேடிப் போற தெம்பு, டார்ச், கத்தி எல்லாம் ரெடியா இருக்கணும்.

துப்பாக்கி மேல மாட்டுற காஸ்ட்லி ஸ்கோப் வாங்கிட்டா போதும்னு நெனைக்கறாங்க, அது தூரத்துல இருக்கறதைத்தான் பெருசா காட்டும், மான் அடுத்து எந்தப்பக்கம் திரும்பும்னு காட்டாது.