அம்மாவின் தோப்புப் பணம் கடனுக்கா, முதலீட்டுக்கா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வடகரப்பதி பக்கம் அம்மா பேரில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது, கள்ளுக்குக் குத்தகை விட்டிருந்தோம். அம்மா போன பிறகு நானும் தம்பியும் அதை விற்றுவிட்டோம். என் பங்கு 17 லட்சம் வங்கிக் கணக்கில் கிடக்கிறது. 2019-ல் வாங்கிய வீட்டுக் கடனில் இன்னும் 21 லட்சம் பாக்கி. எட்டரை சதவீத வட்டி, மாதத் தவணை 21,400, இன்னும் 14 வருஷம் கட்ட வேண்டும். வீடு கணவர் பேரில் இருக்கிறது. அவருக்கு 46 வயது, பொள்ளாச்சி அருகே தென்னை நார் ஆலையில் சூப்பர்வைசர், சம்பளம் 42,000. நான் தையலில் மாதம் எட்டு பத்தாயிரம் பார்ப்பேன். 'மொத்தத்தையும் கடனில் போட்டுவிடு' என்கிறார் அவர். தம்பி மியூச்சுவல் ஃபண்ட் என்கிறான். நாத்தனார் குறி, அதாவது சீட்டு, சேரச் சொல்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, வருஷத்துக்கு 1.10 லட்சம் ஃபீஸ். போன ஃபீஸுக்காக நகையை வைத்து 1.80 லட்சம் வாங்கினோம், ஒன்றரை வட்டி. நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த நகைக் கடன், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றரை வட்டி என்றால் மாதம் 2,700 ரூபாய். வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம். வீட்டுக் கடனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள், தவணைத் தேதியும் ஏல விதியும் பொடி எழுத்தில் இருக்கும். இந்த வாரமே 1.80 லட்சத்தையும் சேர்ந்த வட்டியையும் கட்டி நகையை மீட்டுக்கொண்டு வாருங்கள். மற்ற யோசனையெல்லாம் அப்புறம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எட்டரை சதவீதக் கடனை அடைப்பதும், எட்டரை சதவீதம் உறுதியாகத் தரும் முதலீட்டில் போடுவதும் ஒன்றுதான். இன்றைக்கு எந்த வங்கி டெபாசிட்டும் உங்கள் வயதுக்காரருக்கு அவ்வளவு தராது, ஆறரை கிடைத்தாலே நல்லது. கடனை அடைத்தால் வரிச்சலுகை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு பழைய வரிமுறையில்தான் உண்டு. புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரியே இல்லாதபோது, 42,000 சம்பளக்காரருக்கு அந்தச் சலுகையால் என்ன ஆகப்போகிறது?

17 லட்சத்தையும் போட்டால் நாலு லட்சம்தான் மிஞ்சும், அதே தவணையில் இருபது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த இருபது மாதத்துக்குள் மகளுக்கு இரண்டு முறை ஃபீஸ் கட்ட வேண்டும். கையில் எதுவும் இல்லாவிட்டால் நகை மறுபடியும் அதே கடைக்குத்தான் போகும். அதோடு, நார் ஆலை வேலை எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் நார்க்கழிவு காயாது, ஏற்றுமதி ஆர்டர் நின்றால் ஷிஃப்ட் குறையும். சித்தூர் தாலுகாவில் வங்கிக் கடன் பிரிவில் நான் இருந்த காலத்தில், இருந்த பணத்தை எல்லாம் வீட்டில் புதைத்துவிட்டு ஆறே மாதத்தில் தனிநபர் கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்ட பணத்தை வீடு திருப்பித் தராது.

அதனால் என் பிரிப்பு இப்படி. நகைக்கு 1.80 லட்சம். இரண்டு வருஷ ஃபீஸுக்கு 2.20 லட்சம், ஒவ்வொரு தவணை நாளுக்கும் முதிர்கிற மாதிரித் தனித்தனி டெபாசிட். ஆபத்துக்கு 3 லட்சம், நினைத்த நாளில் உடைக்கக்கூடிய டெபாசிட். மீதி 10 லட்சம் வீட்டுக் கடனில்.

இந்தப் பத்து லட்சத்தைக் கட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம். வங்கியில் தவணைத் தொகையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள். கேட்காமலே தவணையைக் குறைத்துவிடுவதும் உண்டு. தவணையைக் குறைத்தால் மாதம் 11,200-தான், ஆனால் அதே 14 வருஷம். கணவருக்கு அறுபது வயது வரை கட்டுவீர்கள், மொத்த வட்டி ஏறத்தாழ 7.85 லட்சம் போகும். பழைய 21,400-ஐயே தொடர்ந்தால் ஐந்து வருஷம் நாலு மாதத்தில் முடிந்துவிடும், வட்டி 2.7 லட்சத்தோடு சரி. இப்போது கட்டி வந்த தவணைதானே, தொடர்ந்து கட்ட முடியும். அவருக்கு 52 வயதுக்குள் கடன் இல்லாத வீடு. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025-ல் மட்டும் 6.50-இலிருந்து 5.25-க்கு இறங்கியிருக்கிறது. உங்கள் கடன் இன்னும் எட்டரையில் நிற்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 2019 அக்டோபருக்கு முன்பு வாங்கியதென்றால் வங்கி தன் நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் பழைய எம்.சி.எல்.ஆர். வட்டியிலேயே கிடக்கலாம். ரெப்போவோடு இணைத்த வட்டிக்கு மாற்ற என்ன கட்டணம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சின்னத் தொகைதான்.

தம்பி சொல்வதை நான் தள்ளவில்லை. ஐந்து, ஏழு வருஷம் தொடாமல் இருக்க முடிந்தால் பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்ட் நல்லதுதான். ஆனால் 2020 ஜனவரியில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி மார்ச் 23-ல் எட்டாயிரத்துக்குக் கீழே போனது. அந்த நவம்பரில் மீண்டது வேறு கதை. ஃபீஸ் கட்டும் நாள் ஏப்ரலில் வந்திருந்தால்? நகை வட்டி நின்று மிச்சமாகும் 2,700 ரூபாயில் மாதாமாதம் போடுங்கள், போதும். குறி விஷயம் தனி. அது மாதச் சம்பளத்தில் போடுகிற சேமிப்பு, மொத்தமாக வந்த பணத்தை வைக்கிற இடம் இல்லை. கடன் முடிந்த பிறகு அந்த 21,400-ஐ வேண்டுமானால் கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டியில் (சீட்டில்) போடலாம். இப்போதே தனியார் குறி வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இது உங்கள் அம்மா வழி வந்த பணம், வீடு கணவர் பேரில். தவறாக நினைக்காதீர்கள், அவர் நல்லவர் என்றே கொள்வோம். ஆனாலும் பத்து லட்சத்தை ரொக்கமாக எடுத்துக் கொடுக்காமல் உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்புங்கள், தடம் இருக்கும். டெபாசிட்டுகள் உங்கள் பேரில் இருக்கட்டும், அவரை நாமினியாகப் போடுங்கள். வீட்டில் உங்கள் பெயரும் சேர வேண்டுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு, வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் செலவு என்ன ஆகும் என்று விசாரியுங்கள். கடன் இருக்கும்வரை வங்கியின் சம்மதமும் தேவைப்படும்.

தோப்பு விற்ற பணத்துக்கு வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் உள்ள கிராம விவசாய நிலம் மூலதனச் சொத்து ஆகாது, அதனால் அதை விற்றதற்கு மூலதன ஆதாய வரி இல்லை. சித்தூர் நகராட்சி அளவுள்ள ஊருக்கு அந்தத் தூரம் 2 கிலோமீட்டர். விற்பனைப் பத்திரத்தின் நகலையும் நில வரி கட்டிய ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், நோட்டீஸ் வந்தால் தேட வேண்டியிருக்காது.

வங்கிக்குப் போகிற அன்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடன் கணக்கு கணவர் பேரில் இருப்பதால் அவரே கையெழுத்திட்டு, 'தவணைத் தொகை மாறக் கூடாது, காலம் மட்டும் குறைய வேண்டும்' என்று எழுதிக் கொடுக்கட்டும். நகலில் சீல் வாங்குங்கள். அடுத்த மாதம் ஸ்டேட்மென்டில் 11,200 என்று வந்தால் அந்த நகலோடு மறுபடியும் போங்கள்.