குத்துகிறது, ஆனால் விஷமில்லையாம்!

கேள்வி: மணலிப் பக்கம் ஆலைகளில் காண்ட்ராக்டில் லேகிங் வேலை பார்க்கிறேன், 14 வருஷமாக. பைப்பைச் சுற்றிக் கல்லை உருக்கி இழுத்த நாரான ராக்வூல், அதன்மேல் கோழிவலை, அதற்கும் மேல் அலுமினியத் தகடு. ஷட்டவுன் நேரத்தில் பழைய ராக்வூலைப் பிய்த்தால் கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் பற்றி எரியும், ராத்திரி தூக்கமே வராது. காலை மீட்டிங்கில் சேஃப்டி ஆபீசர் ராக்வூலின் பாதுகாப்புத் தாளை வாசித்தார், அதில் 'உடனடி நச்சுத்தன்மை இல்லை' என்று இருக்கிறதாம். அப்போ எங்களுக்கு அரிப்பது பொய்யா?
- பெயர் வேண்டாம், மணலி

பதில்: உங்கள் அரிப்பு பொய் இல்லை. அந்தத் தாளும் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

'உடனடி நச்சுத்தன்மை' என்று தாளில் வருவது ஒரே ஒரு விஷயத்தை அளப்பது. எலிக்கு ஒரு பொருளை ஒரே தடவை கொடுத்து, அல்லது தோலில் தடவி, அல்லது 4 மணி நேரம் மூச்சில் இழுக்கவைத்து, அப்புறம் 14 நாள் பார்ப்பார்கள், செத்ததா பிழைத்ததா என்று. எலிகளில் பாதி சாகும் அளவு எதுவோ அதுதான் கணக்கு. ட்ரெவன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1927ல் மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடக் கொண்டுவந்த முறை இது. நிறைய எலிகள் சாகிற அந்தப் பழைய வாய்வழிச் சோதனையை 2002ல் சர்வதேச விதிமுறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், இப்போது குறைந்த எலிகளோடு, பெரும்பாலும் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் என்ற உச்ச அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 120 கிராம். ராக்வூலை 120 கிராம் தின்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னால் உங்களுக்கு என்ன புண்ணியம்? டிபன் பாக்ஸில் அதையா கொண்டுபோகிறீர்கள்!

மூச்சுச் சோதனையிலும் சிக்கல் உண்டு. எலி மூக்கால் மட்டும்தான் சுவாசிக்கும், அதன் மூக்கும் மூச்சுக்குழாயும் அத்தனை குறுகல், நம் நுரையீரல் வரை போகிற இழைகளில் பல அதன் நுரையீரலை எட்டுவதே இல்லை. எட்டவைக்க வேண்டும் என்று நாரை அரைத்துப் பொடியாக்கிக் கொடுத்தால், அது பைப் மேலே நீங்கள் பிய்க்கிற சரக்கே இல்லை.

இப்போது உங்கள் அரிப்புக்கு வருவோம். காஞ்சொறி பட்டால் அரிப்பது அந்த முள்ளுக்குள் இருக்கும் ரசாயனத்தால். வைக்கோல் போரில் புரண்டால் அரிப்பது சுணையால், அதில் ரசாயனம் எதுவும் வேண்டாம், குத்துவதே போதும். ராக்வூலும், கண்ணாடி நாரான கிளாஸ்வூலும் சுணை ஜாதி. சுமார் 5 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள்தான் தோலைக் குத்தும், ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்ம ஊர் வெயிலில் வேர்த்து ஊறிய தோலில், சட்டைக் காலர் வேறு தேய்த்துக் கொடுத்தால் கேட்க வேண்டுமா. இது ரசாயன எரிச்சல் இல்லை, வெறும் குத்தல் என்ற காரணத்துக்காகவே 2009ல் ஐரோப்பாவில் இந்த நார்களுக்கு இருந்த 'தோல் எரிச்சலூட்டும் பொருள்' முத்திரையை எடுத்துவிட்டார்கள். முத்திரை போனதே தவிர அரிப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் உண்மையில் கவலைப்பட வேண்டியது குத்தாத இழையைப் பற்றி. 3 மைக்ரானை விட மெலிந்து, 5 மைக்ரானை விட நீண்ட இழைதான் நுரையீரலின் அடி வரை போகும். அங்கே குப்பை அள்ளும் செல்கள் இருக்கின்றன, இழை சுமார் 20 மைக்ரானுக்கு மேல் நீண்டால் அவற்றால் முழுசாக விழுங்க முடியாது. அதன்பின் இழை கரைகிறதா, ஒடிகிறதா, அப்படியே கிடக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எலிச் சோதனைகளில் கிளாஸ்வூல், ராக்வூலின் நீள இழைகளில் பாதி மறைய ரகத்தைப் பொறுத்துச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆனது, அமோசைட் என்ற ஆஸ்பெஸ்டாஸ் ரகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ல் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்த இன்சுலேஷன் கிளாஸ்வூலையும் ராக்வூலையும் 2001ல் மறுபடி பார்த்து 'வகைப்படுத்த முடியாது' என்ற 3ஆம் பிரிவுக்கு இறக்கியதில் இந்தக் கரையும் குணத்துக்குப் பங்கு உண்டு. அதனால் பீதி வேண்டாம், ஆனால் மாஸ்க் வேண்டும், கைக்குட்டை கட்டினால் போதாது.

இன்னும் இரண்டு. புது லேகிங் போட்டு முதல்முறை பைப் சூடேறும்போது, சுமார் 200 டிகிரி தாண்டினால் நாரை ஒட்டியிருக்கும் பிசின் கருகிப் புகையும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இது நிஜமாகவே ரசாயனம், அந்த நேரம் பக்கத்தில் நிற்காதீர்கள். அப்புறம், 1970, 80களில் போட்ட பழைய லேகிங் என்றால் அது ராக்வூல்தான் என்று நம்பிப் பிய்க்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சோதித்துச் சொன்ன பிறகே கை வைப்போம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: வீட்டுக்காரருக்கு இன்சுலேஷன் வேலை. அவர் சட்டையைத் துவைத்தால் என் கையும் அரிக்கிறது, குழந்தையின் துணியிலும் ஒட்டிக்கொள்கிறது. சுடுதண்ணீரில் ஊறவைக்கலாமா?
- வாசகி, எர்ணாவூர்

பதில்: சுடுதண்ணீர் வேண்டாம்மா. தனி பக்கெட், நிறையப் பச்சைத்தண்ணீர், இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு அப்புறம் சோப்பு. காய்ந்த சட்டையை மொட்டை மாடியில் உதறவே கூடாது, குழந்தை துணியோடு ஒரே பக்கெட்டில் போடவும் கூடாது. அவரும் வந்தவுடன் தேய்க்காமல், சொறியாமல் பச்சைத்தண்ணீரை உடம்பில் ஓடவிட்டு, பிறகு சோப்புப் போடட்டும். வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்ற வசதி செய்வது வேலை கொடுத்தவர்களின் பொறுப்பு, உங்களுடையது இல்லை.

கேள்வி: இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். உலை 1050 டிகிரி வரை போகும். உள்ளே செராமிக் நாராலான வெள்ளை பிளாங்கெட், 5 வருஷம் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும். ராக்வூல் மாதிரி இது அரிக்கவே இல்லை, நல்ல சரக்குதானே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அரிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. செராமிக் நார் மெலிசு, தோலை அதிகம் குத்தாது, ஆனால் நுரையீரலில் நாள்பட நிற்கும். 2001லும் அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'புற்றுநோய் வரவழைக்கக்கூடும்' என்ற பிரிவிலிருந்து இறக்கவில்லை, எலிகளுக்கும் ஹாம்ஸ்டர்களுக்கும் கட்டிகள் வந்திருந்தன. போதாக்குறைக்கு, 1000 டிகிரிக்கு மேல் வருஷக்கணக்கில் வெந்த பக்கத்தில் கிறிஸ்டபலைட் என்ற சிலிக்கா படிகம் உருவாகலாம், கல்லுடைப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் இந்த ஜாதித் தூசியால்தான். உலை நன்றாக ஆறிய பிறகு லேசாக நனைத்து, முழுத் துண்டாக உருவி, தடித்த பையில் கட்டுங்கள். ஏர் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், பையனை விட்டுப் பெருக்கச் சொல்லாதீர்கள். புதிதாகப் போடும்போது கால்சியம் மெக்னீசியம் சிலிகேட் நாரில் 1050 தாங்கும் ரகம் இருக்கிறதா என்று சப்ளையரிடம் கேளுங்கள். உடம்பில் சீக்கிரம் கரையும் ரகம் அது, விலை கொஞ்சம் கூடினாலும் அதையே போடுங்கள். ஆனால் அதையும் ஒருநாள் பிய்க்கும்போது நனைத்தேதான் பிய்க்க வேண்டும், அதிலும் படிகம் உருவாகலாம்.