பூங்காவில் விருந்து, டூத் பிரஷ் கொண்டு வரவும்

கேள்வி: அட்லாண்டா புறநகரில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பிப்ரவரியில் வரும் கறுப்பின வரலாற்று மாதத்துக்காகப் பத்து நிமிட ஒலித்தொகுப்பு ஒன்று செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் வளர்ந்த கறுப்பினத்தவர், எண்பதை நெருங்குகிறார். “அன்று எங்களுக்கு எல்லாமே ரேடியோதான்” என்றார். பாட்டுப் போடுகிறவர்கள் அப்படி என்ன செய்துவிட்டார்கள்? அவரிடம் எதைக் கேட்பது?

பதில்: பாட்டு அவர்களுடைய வேலையில் பாதிதான். மீதியைப் புரிந்துகொள்ள, அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெரிய நாளிதழ்களை நினைத்துப் பாருங்கள். கறுப்பினத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவற்றில் பெரும்பாலும் இடமில்லை. அந்த இடத்தை ரேடியோ நிரப்பியது. தெற்கிலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்து, வந்த இடத்தில் உறவைத் தொலைத்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே சிகாகோவில் ஜாக் எல். கூப்பர் என்ற அறிவிப்பாளர் 1938-ல், காணாமற்போனவர்களைத் தேடும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். மெம்ஃபிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையமோ தொலைந்துபோன பல்செட்டுக்குக்கூட அறிவிப்பு வாசித்தது.

அந்த நிலையத்தில் 1948 அக்டோபரில் முதன்முதலாக மைக் முன் உட்கார்ந்த கறுப்பினத்தவர் நாட் டி. வில்லியம்ஸ், பள்ளி ஆசிரியர். பகலில் வகுப்பு, அது முடிந்ததும் ஒலிபரப்பு. முதல் நாள் பேச வேண்டியதெல்லாம் மறந்துபோய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது. பல வீடுகளில் ரேடியோவைத் திருப்பினால் பேசியவர் யாரோ ஒருவர் அல்ல, பிள்ளைகளின் வாத்தியார். மகள் இந்த நெருக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். பெயர்ப் பட்டியல் எதுவும் வேண்டாம்.

ஒரு தவறு மட்டும் நேர்ந்துவிடக் கூடாது. கறுப்பின ரேடியோ என்றாலே கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ரேடியோ என்று நினைத்துவிடுவோம். டபிள்யூ.டி.ஐ.ஏ.யின் முதலாளிகள் வெள்ளையர்கள். அன்றைய நிலையங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். விதிவிலக்கு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1949-ல் ஜெஸ்ஸி பி. பிளேட்டன் என்ற கணக்கியல் பேராசிரியர் வாங்கிய டபிள்யூ.இ.ஆர்.டி., நாட்டிலேயே கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம். ஆபர்ன் அவென்யூவில் பிரின்ஸ் ஹால் மேசானிக் கட்டடத்தில் அது இயங்கியது. அதே கட்டடத்தில், நிலையத்துக்குக் கீழே, மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு அலுவலகம் இருந்தது. அவருக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலிருந்து ஜன்னல் வழியாக மைக் இறங்குமாம். கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துப்போய் எதிர் நடைபாதையில் நின்று அந்த ஜன்னல்களைப் பாருங்கள்.

இனி, பெரியவரின் ஊர். 1963 மே 2 அன்று பர்மிங்ஹாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி, இன ஒதுக்கலை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அதற்கு அவர்களைத் திரட்டியதில் டபிள்யூ.இ.என்.என். நிலையத்தின் ஷெல்லி ஸ்டூவர்ட், ‘டால் பால்’ வைட் போன்ற அறிவிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பூங்காவில் விருந்து இருக்கிறது, டூத் பிரஷ் கொண்டு வாருங்கள் என்று பாட்டுக்கு நடுவே சொன்னார்கள். விருந்துக்கு எதற்கு டூத் பிரஷ்? இரவு சிறையில் தங்க வேண்டியிருக்கும் என்று பொருள். போலீசும் அதே ரேடியோவைத்தான் கேட்டிருக்கும். ஆனால் பேசுகிறவரை நாள்தோறும் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் அது புரிந்தது.

பெரியவருக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது இருந்திருக்கும். அதற்காக “ஊர்வலத்தில் போனீர்களா?” என்று தொடங்காதீர்கள். பெற்றோர் தடுத்ததால் போகாதவர்களும், வேலை பறிபோகும் என்று பிள்ளையை அடக்கி வைத்த பெற்றோரும் உண்டு. போகாததை அறுபது ஆண்டுகளாக மனதில் சுமப்பவராகக்கூட அவர் இருக்கலாம். வீட்டில் ரேடியோ எந்த அறையில் இருந்தது, யார் திருப்புவார்கள், யாருடைய குரல் வந்தால் அம்மா கைவேலையை நிறுத்துவார், தெருவில் ஒருவர் இறந்தால் செய்தி எப்படி வந்தது என்று கேளுங்கள். மே 2 தானாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அந்தக் கால நேரடி ஒலிபரப்புகளில் பெரும்பகுதி பதிவாகவே இல்லை. எனவே பழைய ஒலியைத் தேடி வாரங்களை வீணாக்க வேண்டாம். பெரியவரின் குரலே போதும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போனை அவர் பக்கமாக வையுங்கள். முடித்ததும் பள்ளிக்குத் தருவதற்கு முன்பே ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்து.