கலப்பை வட்டில் சமையல்: கசிவும் அடிப்பிடிப்பும்

சகோ, பழைய சட்டிக் கலப்பையின் வட்டில் மெக்சிகோ பாணி டிஸ்காடா (கலப்பை வட்டில் பல இறைச்சிகளைச் சேர்த்து வதக்கும் உணவு) சமைக்கும் சட்டி செய்ததாகவும், நடு ஓட்டையை ஜிஐ (கால்வனைஸ்டு இரும்பு) போல்ட், வாஷர் போட்டு அடைத்தும் எண்ணெய் கசிவதாகவும், கறி அடிப்பிடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த போல்ட்டைக் கழற்றுங்கள். ஜிஐ மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. சமைக்கிற இடத்தில் அது வேண்டாம். அதன் மேல் வெல்டிங் வைத்தால் வரும் புகையும் ஆகாது. பூச்சில்லாத இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்டிங் செய்து, உள்பக்கத்தை கிரைண்டரில் சமமாக்கச் சொல்லுங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் எரித்து எடுக்காதீர்கள், ஈயம் இருக்கலாம். பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுங்கள்.

ஒட்டுவதற்குக் காரணம் பழக்காத இரும்பு. தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான்: தேய்த்துக் கழுவி, காயவைத்து, மிக மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். மூன்று நான்கு முறை. எண்ணெய் கூடினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

அப்புறம் சமையல் வரிசை. வடக்கு மெக்சிகோவில் பேக்கனை (உப்பிட்ட பன்றி இறைச்சி) முதலில் போட்டு அதன் கொழுப்பை உருக்குவார்கள், பிறகு சொரிசோ (மசாலா சேர்த்த பன்றி சாசேஜ்), மாட்டிறைச்சி, வெங்காயம், மிளகாய். வெந்ததை விளிம்புக்கு ஒதுக்கலாம்; அங்கே சூடு குறைவு. தக்காளி கடைசியில்தான். அதன் புளிப்பு புதிதாகப் பிடித்த எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும், முதல் சில சமையலுக்குத் தக்காளியே வேண்டாம்.