மழை வந்தால் வெட்டி வெட்டித் திறக்கும் ரிப்பீட்டர்: வாட்டைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் தோட்டக் குன்றொன்றில் எங்கள் அமெச்சூர் வானொலிக் குழு 2 மீற்றர் (145 மெகாஹேர்ட்ஸ் அளவு) ரிப்பீட்டர், அதாவது ஓர் அலைவரிசையில் கேட்பதை இன்னொன்றில் உடனே திருப்பி அனுப்பும் நிலையம், வைத்திருக்கிறது. சக்தி 25 வாட், பெறும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் 600 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. வாகன செட்டில் பேசினால் குறையில்லை. வோக்கிடோக்கியில் பேசினால் திறக்கிறது, வெட்டுகிறது, மறுபடி திறக்கிறது. மழைக்கு இன்னும் மோசம். சாமான் எடுத்துத் தந்தவர் பிரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னே சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒன்று போட்டு 50 வாட்டாக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே நோயைக் கூட்டும். உங்கள் ரிப்பீட்டரின் டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலிருக்கும் தன் ரிசீவரையே செவிடாக்குகிறது. இதைத்தான் டீசென்ஸ் என்கிறோம். வோக்கிடோக்கியின் பலவீனமான சிக்னலில் ரிசீவர் திறக்கும், உடனே டிரான்ஸ்மிட்டர் எழும்பும், எழும்பியதும் ரிசீவருக்கு ஒன்றும் கேட்காது. வால் நேரம் (சிக்னல் நின்ற பின்னும் டிரான்ஸ்மிட்டர் எழும்பியே இருக்கும் நேரம்) முடிந்து டிரான்ஸ்மிட்டர் விழுந்ததும் மறுபடி கேட்கும். வெட்டும் தாளத்தை மணிக்கூட்டில் பாருங்கள். நீங்கள் வைத்த வால் நேரத்தோடு, பெரும்பாலும் இரண்டு மூன்று செக்கன், ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். பிரீஆம்ப் இந்தக் கசிவையும் சேர்த்தே பெருக்கும். 50 வாட் போட்டால் ரிப்பீட்டர் சொல்வது தூரம் போகுமே தவிர, அதற்குக் கேட்பது கூடிவிடாது. சப்டோன் (குரலோடு சேர்த்து அனுப்பும், ரிசீவரைத் திறக்கும் தாழ்ந்த தொனி) போட்டால் சரியாகும் என்பவரையும் நம்பாதீர்கள். டோன் சத்தத்தை மறைக்கும், செவிட்டைத் தீர்க்காது.

குறை எங்கே என்று பிரிக்க ஒரே சோதனை போதும். ரிசீவரின் ஸ்பீக்கரை நேரடியாகக் கேளுங்கள். டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவைத்து, தூரத்திலிருந்து ஒருவர் வோக்கிடோக்கியைக் குறைந்த சக்தியில் அழுத்தட்டும். இரைச்சலுக்கு நடுவே குரல் மட்டுமட்டாகக் கேட்க வேண்டும். இப்போது டிரான்ஸ்மிட்டரைக் கையால் எழுப்புங்கள். இரைச்சல் ஏறினால் டீசென்ஸ் உறுதி. அடுத்து அன்டெனா கேபிளைக் கழற்றி, டூப்ளெக்ஸரின் (ஒரே அன்டெனாவில் அனுப்புவதையும் பெறுவதையும் பிரித்துவைக்கும் பெட்டி) அன்டெனா வாயில் 50 ஓம், 50 வாட்டுக்குக் குறையாத டம்மி லோட்டை (அன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சுமை) பூட்டுங்கள். வோக்கிடோக்கிக்காரர் கிட்ட வரவேண்டியிருக்கும். அதே மட்டுமட்டான சிக்னல் வரும் இடத்தில் நின்று அழுத்தட்டும். டீசென்ஸ் அப்படியே இருந்தால் குறை டூப்ளெக்ஸரில் அல்லது அதற்குப் போகும் குட்டைக் கேபிள்களில். போய்விட்டால் கேபிளில், கனெக்டரில், அன்டெனாவில்.

டூப்ளெக்ஸரில்தான் இங்கே ஆட்கள் ஏமாறுகிறார்கள். கைக்கு அடக்கமான, ஆறு திருகு வைத்த தட்டைப் பெட்டியை ‘வி.எச்.எப். டூப்ளெக்ஸர்’ என்று தலையில் கட்டிவிடுவார்கள். அதற்கு ஏறக்குறைய 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி வேண்டும். 600 கிலோஹேர்ட்ஸுக்கு அரை மீற்றருக்குக் குறையாத உயரமான கவிட்டி உருளைகள் நான்கு அல்லது ஆறு தேவை. இரு பக்கமும் 80 டெசிபெல்லுக்கு மேல், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே, அடக்க வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரை (அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) வைத்து ‘டியூன் செய்து தந்தேன்’ என்பவர் டியூன் செய்யவில்லை. நானோ வி.என்.ஏ. (அலைவரிசைக்கு அலைவரிசை அளக்கும் சிறு கருவி) அடக்கும் பள்ளம் எந்த அலைவரிசையில் விழுகிறது என்று காட்டும்; ஆனால் சுமார் 70 டெசிபெல்லுக்கு மேல் ஆழம் அதில் தெரியாது. குட்டைக் கேபிள்களுக்கு ஆர்.ஜி. 58 போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒற்றைப் பின்னல் கசியும். ஆர்.ஜி. 214 அல்லது ஆர்.ஜி. 400 போடுங்கள்.

ஆனால் மழைக்கு மோசமாகிறது என்கிறீர்கள். அதனால் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்கிறேன். இங்கே எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: கீழே எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டுகிறது, ஆகவே கேபிள் நல்லது என்று. தண்ணீர் குடித்த கேபிள் சக்தியைத் தானே தின்றுவிடும், திரும்பி வருவது குறையும், மீற்றர் அழகாகக் காட்டும். சரியாகப் பார்க்க, மேலே அன்டெனாவைக் கழற்றி முனையைத் திறந்தே விட்டு, கீழிருந்து நானோ வி.என்.ஏ.யில் ரிட்டர்ன் லொஸ்ஸை (போய்த் திரும்பி வருவதற்குள் குறையும் அளவு) அளவுங்கள். வருவதில் பாதிதான் கேபிளின் இழப்பு. 145 மெகாஹேர்ட்ஸில் 30 மீற்றர் ஆர்.ஜி. 213 என்றால் இரண்டரை டெசிபெல் அளவில் நிற்க வேண்டும். அரை அங்குல ஹீலியாக்ஸ் (நெளிந்த செம்புக் குழாய் உறையிட்ட கேபிள்) என்றால் ஒன்றுக்குள். அதைவிட ஏறியிருந்தால் கனெக்டரை வெட்டிப் பாருங்கள். பின்னல் கறுத்திருந்தால் காயவைத்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள்.

கேபிள் புதியது, காய்ந்திருக்கிறது, டம்மி லோட்டில் டீசென்ஸ் இல்லை, அன்டெனாவோடு மட்டும் வருகிறது என்றால்? இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எல்.எம்.ஆர். 400 போன்ற கேபிளில் அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். சாதாரண செட்டுக்கு அது அருமையான கேபிள், இழப்பும் குறைவு. ஆனால் ஒரே கேபிளில் அனுப்புதலும் பெறுதலும் ஒரே நேரத்தில் நடக்கும்போது அந்த உரசலே இரைச்சலை உண்டாக்கும். காற்றில் ஆடினால் வெட்டும், ஆடாவிட்டால் நன்றாயிருக்கும், எஸ்.டபிள்யூ.ஆர். எதையும் காட்டாது. துருப்பிடித்த இழுகம்பியும் கோபுரத்தின் தளர்ந்த போல்ட்டும் இதே வேலையைச் செய்யும். ஒருவரைக் கோபுரத்தின் அடியை மரக்கட்டையால் தட்டச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைக் கேளுங்கள். தட்டும்போதெல்லாம் கரகரத்தால் விடை கிடைத்துவிட்டது. இடி முழக்கம் இருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

வெளியே பி.எல். 259 கனெக்டர் வேண்டாம், தண்ணீருக்குத் தாங்காது. ‘N’ வகைக் கனெக்டர் போடுங்கள். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், தகரக் கூரை படிவது போல மேல் சுற்று கீழ்ச்சுற்றின் மீது படிய வேண்டும். அதன் மேல் பி.வி.சி. டேப். வினாகிரி மணக்கும் சிலிக்கன் செம்பை அரிக்கும், பூசாதீர்கள். கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

விலைமனுக்களில் எத்தனை வாட் என்று கேட்கிறார்கள், எத்தனை டெசிபெல் அடக்கம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதி அனுமதி எடுத்து, கடைசியில் ஐப்பசி மழையில் ஊமையாகும் பெட்டியை மலையில் ஏற்றுகிறோம். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29. நமக்கு ரிப்பீட்டர் தேவைப்படுவதே அந்த மாதங்களில்தான்.

டூப்ளெக்ஸர் மாற்ற வேண்டிவந்தால் மிச்சக் காசைக் கொடுக்குமுன் உங்கள் இரண்டு அலைவரிசைகளிலும் அளந்த வளைகோட்டை அச்சில் கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் கடத்தும் இழப்பு 2 டெசிபெல்லுக்குள், அடக்கம் 80க்கு மேல் என்று அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.